ஏழாம் நாளும் இளம்பிறையும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் வந்த மடல்களில் ஒன்றை எழுதியவர் ஒரு தாய். அவருடைய மூத்த மகன் கடந்த ஓராண்டாக ஞாயிறு திருப்பலிக்கு வருவதில்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் சபை எதிலும் சேர்ந்துவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் வானத்தில் பிறை தெரியும் நாளை முதல் நாளாக வைத்து எண்ணி, 8, 15, 22, 29 ஆகிய நாள்களை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கிறாராம். அந்த நாள் ஒரு மாதம் செவ்வாயில் வரும், அடுத்த மாதம் வியாழனில் வரும். அன்றைக்கு வேலைக்குப் போகமாட்டார். இதனாலேயே இரண்டு இடங்களில் வேலை போய்விட்டது. தங்கையின் திருமணம் அந்த நாள்களில் ஒன்றில் அமைந்துவிட்டது. அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அந்தத் தாய் எழுதுகிறார்: “சாமி, அவன் கெட்டவன் இல்லை. பைபிளைப் படிச்சுத்தான் இப்படிச் செய்கிறேன் என்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.”

அம்மா, உங்கள் மகன் கேட்கும் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அதில் பாதி சரி. விவிலியத்தின் மாதங்கள் நிலவைப் பார்த்தே தொடங்கின. அதை நம்மில் பலர் மறந்தே போனோம். ஆனால், வாரமும் நிலவைப் பார்த்தே தொடங்கியது என்று அவர் சொல்லும் மறுபாதி சரியில்லை. இரண்டையும் இன்று பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் நிலவு. தமிழில் ‘திங்கள்’ என்றால் நிலா. மாதத்துக்கும் அதுவே பெயர். எபிரேய மொழியிலும் இப்படித்தான். நிலவைக் குறிக்கும் ‘யாரேயா’ என்ற சொல்லோடு பிறந்த ‘யேரா’ என்பது மாதத்தைக் குறிக்கும். மாதத்துக்கு வழங்கும் இன்னொரு சொல் ‘கோதேசு’. அதன் வேர்ப்பொருள் ‘புதியது’. நிலா புதிதாகும் நாள் என்பதால் அந்தப் பெயர். மாதம் நிலவிடமிருந்தே பெயர் பெற்றது என்று சீராக்கின் ஞானம் 43ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். காலங்களைக் குறிக்கவே கடவுள் நிலவைப் படைத்தார் என்று 104ஆம் திருப்பாடல் பாடுகிறது.

இங்கே ஒரு சிறு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் விவிலியத்தில் பல இடங்களில் ‘அமாவாசை’ என்று வாசிக்கிறோம். நமக்கு அமாவாசை என்றால் நிலா தெரியாத இருட்டு நாள். இஸ்ரயேல் மக்கள் கொண்டாடியது அந்த இருளை அல்ல, இருளுக்குப் பின் மேற்கு வானில், கதிரவன் மறைந்த சற்று நேரத்தில், நகக்கீற்றுப்போல் எட்டிப் பார்க்கும் முதல் பிறையை. நம் ஊர்களில் ‘மூன்றாம் பிறை’ பார்ப்பதைப் புண்ணியமாகக் கருதும் பெரியவர்கள் உண்டல்லவா? ஏறத்தாழ அந்தப் பிறைதான். இன்றும் நம் இஸ்லாமியச் சகோதரர்கள் ரமலான் தொடங்கும் முன் மேற்கே பார்த்து நிற்கிறார்களே, அதுதான் எருசலேமில் நடந்ததற்கு நாம் கண்ணால் காணக்கூடிய மிக அருகிலான எடுத்துக்காட்டு.

அந்த நாள் சிறு விழா அல்ல. எண்ணிக்கை நூலின் 28ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வாரந்தோறும் ஓய்வுநாளில் கூடுதலாகச் செலுத்த வேண்டியவை இரண்டு ஆட்டுக்குட்டிகள். மாதத்தின் முதல் நாளிலோ இரண்டு இளங்காளைகள், ஒரு செம்மறிக்கிடா, ஏழு ஆட்டுக்குட்டிகள். அன்று எக்காளம் ஊதினார்கள். அரசன் சவுலின் வீட்டில் அன்று விருந்து. தாவீதின் இருக்கை காலியாக இருந்ததைச் சவுல் கண்டுபிடித்தது அந்த விருந்தில்தான். சாமுவேல் முதல் நூலின் 20ஆம் அதிகாரம் இதை விரிவாகச் சொல்கிறது. நாளை பிறைநாள் என்று தாவீது முன்கூட்டியே சொல்கிறார். விருந்தோ இரண்டு நாள் நடக்கிறது. மாதத்தின் 29 நாள்கள் முடிந்தபின் பிறை அன்றைக்கே தெரியுமோ மறுநாள்தான் தெரியுமோ என்ற ஐயத்தால் இரண்டு நாளும் விருந்து வைத்தார்கள் என்று விளக்குவோர் உண்டு.

நிலா ஒருமுறை தேய்ந்து வளர 29 நாள், 12 மணி, 44 நிமிடம் ஆகிறது. அரை நாளை வைத்துக்கொண்டு யாரும் மாதம் நடத்த முடியாது. ஆகவே, ஒரு மாதத்துக்கு 29 நாள், இன்னொன்றுக்கு 30 நாள் என்று வரும். எதற்கு எது என்பதை யார் முடிவு செய்வது?

இயேசுவின் காலத்தையும் அதை அடுத்த காலத்தையும் பற்றிய யூத மரபுகளைத் தொகுத்த ‘மிஷ்னா’ என்னும் நூல், ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் வடிவம் பெற்றது. அதில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. எருசலேமில் ‘பேத் யாசேக்’ என்ற பெரிய முற்றம் இருந்தது. பிறையைக் கண்டவர்கள் அங்கே வந்து கூடுவார்கள். சாட்சி சொல்ல வருவோர் அடுத்தமுறையும் ஆசையோடு வரவேண்டும் என்பதற்காக அவர்களுக்குப் பெரிய விருந்தே வைத்தார்களாம். முதலில் வந்த இருவரை முதலில் விசாரிப்பார்கள். மூத்தவரை உள்ளே அழைத்து, பிறை கதிரவனுக்கு வடக்கே இருந்ததா, தெற்கே இருந்ததா, எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து, எவ்வளவு அகலம் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பிறகு மற்றவரைத் தனியே கேட்பார்கள். இரண்டு வாக்குமூலங்களும் பொருந்தினால் மட்டுமே ஏற்பு. கமாலியேல் என்னும் தலைவர் தம் மாடி அறையின் சுவரில் நிலவின் பல வடிவங்களை வரைந்து மாட்டியிருந்தார். படிக்காத சாட்சிகளிடம், “இப்படி இருந்ததா, அப்படி இருந்ததா?” என்று அதைக் காட்டிக் கேட்பாராம். இவர், புனித பவுலுக்குத் திருச்சட்டம் கற்றுக்கொடுத்த கமாலியேலின் பேரன்.

சாட்சியம் ஏற்கப்பட்டால், இது தூய நாள் என்று நீதிமன்றத் தலைவர் அறிவிப்பார். உடனே ஒலிவ மலைமேல் தீப்பந்தம் ஏற்றுவார்கள். நீண்ட கழியின் நுனியில் கட்டிய பந்தத்தை மேலும் கீழும், இங்கும் அங்கும் அசைப்பார்கள். யோர்தான் பள்ளத்தாக்கை அடுத்த சர்த்தபா மலையில் இருப்பவர் அதைக் கண்டு தம் பந்தத்தை ஏற்றுவார். அங்கிருந்து அடுத்த மலை, அடுத்த மலை என்று பாபிலோனிய நாட்டு யூதர்வரை செய்தி போகும். ஒரே இரவில்! கைப்பேசி இல்லாத காலத்தின் செய்தித் தொடர்பு இது. பின்னாளில் சமாரியர் பொய்யாகப் பந்தம் ஏற்றிக் குழப்பினார்கள் என்பதால் தூதர்களை அனுப்பத் தொடங்கினார்கள். ஆள் நடந்து போகும் வேகத்தில்தான் செய்தி போயிற்று. அதனாலேயே தொலைநாட்டு யூதர்கள் ஐயத்துக்கு இடமின்றிப் பெருவிழாக்களை இரண்டு நாள் கொண்டாடினார்கள். இன்றும் இஸ்ரயேல் நாட்டுக்கு வெளியே பல யூதர்களிடம் அந்த வழக்கம் இருக்கிறது.

இனி ஆண்டு. பன்னிரண்டு நிலா மாதங்களைக் கூட்டினால் 354 நாள். கதிரவனின் ஆண்டைவிட 11 நாள் குறைவு. இதைச் சரிசெய்யாமல் விட்டால் மூன்றே ஆண்டுகளில் ஒரு மாதம் பின்வாங்கிவிடும். இஸ்லாமிய நாள்காட்டியில் அப்படியே விடுகிறார்கள். ரமலான் கோடையிலும் வரும், மழையிலும் வரும். மோசேயின் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பாஸ்கா ஆபிபு மாதத்தில் வரவேண்டும். ஆபிபு என்றால் பச்சைக் கதிர். அறுவடையின் முதல் கதிர்க்கட்டைக் குரு ஆண்டவர் முன் ஆட்ட வேண்டும் என்கிறது லேவியர் 23. வாற்கோதுமை முற்றாமல் கதிர்க்கட்டுக்கு எங்கே போவது? ஆகவே, பயிர் பின்தங்கிய ஆண்டில் பன்னிரண்டாம் மாதமாகிய ஆதாரை இன்னொரு முறை சேர்த்தார்கள். கமாலியேல் குடும்பத்துத் தலைவர் ஒருவர் வெளியூர் யூதர்களுக்கு எழுதிய மடலைப் பற்றித் தல்மூதில் வருகிறது: புறாக்கள் இன்னும் குஞ்சுகளாக, ஆட்டுக்குட்டிகள் இன்னும் பிஞ்சுகளாக இருக்கின்றன, எனவே இந்த ஆண்டோடு 30 நாள்களைச் சேர்த்திருக்கிறேன் என்பது அதன் சாரம். பின்னர் கணக்கு வழி நிலைபெற்றது. 19 ஆண்டுகளில் 7 முறை கூடுதல் மாதம் வரும். இன்றைய யூத நாள்காட்டி இப்படித்தான் இயங்குகிறது. மாதங்களின் பெயர்கள் பலவற்றையும், நீசான், சீவான், தம்மூசு என்று, பாபிலோனிலிருந்து அடிமை வாழ்வு முடிந்து திரும்பியவர்களே கொண்டுவந்தார்கள். தம்மூசு என்பது ஒரு வேற்றுத் தெய்வத்தின் பெயர்! அந்தத் தெய்வத்துக்காக எருசலேம் கோவில் வாயிலில் பெண்கள் அழுததை எசேக்கியேல் கண்டிக்கிறார். அதே பெயர் மாதத்தின் பெயராக மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. சொற்களின் வரலாறு இப்படியும் இருக்கும்.

நேயர்களே, இதுவரை அந்த மகன் சொல்வதோடு நமக்குச் சண்டை இல்லை. இப்போது ஓய்வுநாளுக்கு வருவோம்.

29 நாளை ஏழால் வகுத்துப் பாருங்கள். நான்கு வாரம் போக ஒரு நாள் மிஞ்சும். 30 என்றால் இரண்டு நாள். நிலவை வைத்து ஓய்வுநாளை எண்ணுவோர், மிஞ்சும் இந்த நாளை எந்த வாரத்திலும் சேராத நாளாக ஒதுக்கி, புதுப்பிறையோடு மீண்டும் ஒன்று என்று தொடங்குகிறார்கள். அவர்கள் முதலில் காட்டுவது விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரம். இஸ்ரயேலர் இரண்டாம் மாதம் 15ஆம் நாள் சீன் பாலைநிலத்துக்கு வந்தார்கள். பிறகு ஆறு நாள் மன்னா விழுந்தது. ஆகவே 22ஆம் நாள் ஓய்வுநாள், அப்படியானால் 15ஆம் நாளும் ஓய்வுநாளே என்பது வாதம்.

அதே அதிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படிப்போம். 15ஆம் நாளில் அவர்கள் என்ன செய்தார்கள்? ஏலிமை விட்டுக் கூட்டமாகப் பயணம் செய்து வந்து சேர்ந்தார்கள். ஓய்ந்திருக்கவில்லை. அடுத்து, மன்னாவைப் பற்றிய விதி என்ன? ஐந்து நாள் அன்றன்றைக்கு உரியது, ஆறாம் நாள் இரண்டு மடங்கு, ஏழாம் நாள் ஒன்றும் இல்லை. இந்த ஒழுங்கு 40 ஆண்டு நடந்தது என்று அதே அதிகாரத்தின் இறுதியில் வருகிறது. நாற்பது ஆண்டில் ஏறத்தாழ ஐந்நூறு பிறைகள். 29ஆம் நாள் ஓய்வு, அடுத்த நாள் பிறைநாள், சில மாதங்களில் இடையே ஒரு 30ஆம் நாள் வேறு! அந்த நாள்களில் மன்னா விழுந்ததா? எத்தனை நாளுக்குச் சேர்த்து வைப்பது? ஒரு கலத்தில் எவ்வளவு என்று அளவுகூடச் சொல்லும் அந்த அதிகாரம், இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நிலவு என்ற சொல்லே அங்கு இல்லை.

இன்னொன்று. பாஸ்காவை அடுத்த புளிப்பற்ற அப்ப விழாவின் முதல் நாள், முதல் மாதம் 15ஆம் நாள். அன்று வேலை கூடாது, ஆனால் அவரவர் உண்ணத் தேவையானதைச் சமைக்கலாம் என்கிறது விடுதலைப் பயணம் 12. வாராந்தர ஓய்வுநாளில் அப்படிச் சமைக்க முடியாது. முந்தின நாளே சுட வேண்டியதைச் சுட்டு, அவிக்க வேண்டியதை அவித்துவிட வேண்டும் என்று 16ஆம் அதிகாரமும், வீட்டில் நெருப்பு மூட்டவே கூடாது என்று 35ஆம் அதிகாரமும் சொல்கின்றன. எல்லா மாதமும் 15ஆம் நாள் ஓய்வுநாள்தான் என்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் அடுப்பை மூட்டு என்றும் மூட்டாதே என்றும் ஒரே சட்டம் சொன்னதாகிவிடும்.

கணக்கில் விருப்பமுள்ளவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். லேவியர் 23, கதிர்க்கட்டை ஆட்டிய நாள் தொடங்கி ஏழு முழு வாரங்களை எண்ணச் சொல்கிறது. ஏழாவது ஓய்வுநாளுக்கு மறுநாள் ஐம்பதாம் நாள், அதுவே பெந்தக்கோஸ்து. நிலவின் ஓய்வுநாள்களை வைத்து எண்ணுவோம். முதல் மாதம் 16இல் தொடங்கினால், ஓய்வுநாள்கள் 22, 29. இரண்டாம் மாதத்தில் 8, 15, 22, 29. மூன்றாம் மாதத்தில் 8. ஏழு ஆயிற்று. இதுவரை எத்தனை நாள்? முதல் மாதத்துக்கு 30, இரண்டாவதற்கு 29 என்று கொண்டால், 15, 29, 8, ஆகமொத்தம் 52. மாதங்களின் நீளத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் 51க்குக் குறையாது, 53க்கு மேல் போகாது. 49 வரவே வராது. ஆகவே, மறுநாள் ஐம்பதாம் நாளும் ஆகாது. பெந்தக்கோஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருளே ஐம்பதாவது என்பதுதான்.

மேலே சொன்ன சாட்சிகளையும் மறந்துவிடாதீர்கள். பிறையைக் கண்டவர் எருசலேமுக்குச் செல்ல ஓய்வுநாள் சட்டத்தையும் மீறலாம். நடக்க முடியாதவரைக் கழுதைமேல், வேண்டுமானால் கட்டிலில் வைத்துக்கூடத் தூக்கிச் செல்லலாம் என்று மிஷ்னா அனுமதிக்கிறது. பிறை தெரிவது 29ஆம் நாள் கதிரவன் மறைந்தபின். யூதருக்கு மாலையிலேயே அடுத்த நாள் தொடங்கிவிடும். சாட்சிகள் பயணம் செய்வது அந்த அடுத்த நாளில். நிலவை ஒட்டி ஓய்வுநாள் வந்திருந்தால், அந்த நாள் எந்த மாதத்திலும் ஓய்வுநாளாக இருக்க வாய்ப்பே இல்லை. இல்லாத சிக்கலுக்கு யாராவது சட்டம் எழுதுவார்களா?

பழைய யூதர் சரியாகத்தான் வைத்திருந்தார்கள், பிறகு வந்தவர்கள் வாரத்தைக் குழப்பிவிட்டார்கள் என்பதும் காதில் விழுகிற பேச்சு. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் எழுதிய புனித யுஸ்தின், ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டது சனியின் நாளுக்கு முந்தின நாள், உயிர்த்தெழுந்தது அதற்கு மறுநாள், அதாவது கதிரவனின் நாள் என்று உரோமைப் பேரரசருக்கு விளக்குகிறார். யூதரின் ஓய்வுநாளும் உரோமையரின் சனிக்கிழமையும் ஒரே நாளாக அப்போதே வழங்கின. அதன்பின் வாரம் அறுந்ததே இல்லை. திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1582இல் நாள்காட்டியைத் திருத்தியபோது பத்துத் தேதிகளை நீக்கினாரே என்பீர்கள். அக்டோபர் 4 வியாழன். மறுநாள் அக்டோபர் 15. ஆனால் கிழமை வெள்ளிதான்! தேதி தாவியது, கிழமை தாவவில்லை. அந்த இரவில்தான் அவிலா நகர்ப் புனித தெரேசா இறைவனடி சேர்ந்தார். 4ஆம் தேதி இரவு இறந்தவரை மறுநாள், 15ஆம் தேதி அடக்கம் செய்தார்கள். அவருடைய திருநாளை நாம் அக்டோபர் 15இல் கொண்டாடுகிறோம்.

பாபிலோனியரிடம் ‘சபத்து’ என்ற பெயரில் முழுநிலவு நாள் ஒன்று இருந்தது; எபிரேயரின் ‘சபாத்து’ அதிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதிய அறிஞர்கள் உண்டு. ஆமோஸ், எசாயா போன்ற இறைவாக்கினர் நூல்களில் பிறைநாளும் ஓய்வுநாளும் இணைபோலவே வருவதை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். சூனேம் ஊர்ப் பெண் எலிசாவைத் தேடிப் புறப்பட்டபோது, இன்று பிறைநாளும் இல்லையே, ஓய்வுநாளும் இல்லையே என்று கணவர் கேட்டாரே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். சொல்லின் பிறப்பு எதுவாகவும் இருக்கட்டும். நம் கையில் இருக்கும் திருச்சட்டம் ஓய்வுநாளை நிலவோடு கட்டவில்லை. வேண்டுமென்றே கட்டாமல் விட்டது என்றே நான் நினைக்கிறேன். ஏன் தெரியுமா?

ஆபிரகாம் புறப்பட்டு வந்த ஊரும், தங்கிய காரானும் நிலாத் தெய்வத்தின் வழிபாட்டுக்குப் பேர்போன நகரங்கள். அந்த உலகத்தில்தான் தொடக்க நூலின் முதல் அதிகாரம் பேசுகிறது. அதில் கதிரவன், நிலா என்ற பெயர்களே வருவதில்லை. பெரிய ஒளி, சிறிய ஒளி என்று மட்டும் சொல்லி நகர்கிறது. தெய்வங்கள் அல்ல, விளக்குகள்! அவை நான்காம் நாளில்தான் ஏற்றப்படுகின்றன. ஏழாம் நாளோ எந்த விளக்கையும் சார்ந்து நிற்பதில்லை. கடவுள் ஓய்ந்தார் என்ற ஒரே காரணத்தால் அது தூய்மையாகிறது.

இதில் ஏழைகளுக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. மாதம் எப்போது தொடங்குகிறது என்பதை எருசலேமில் இருந்த பெரியவர்கள் அறிவித்தார்கள். மேகம் மறைத்தால் ஒரு நாள் தள்ளும். ஆனால் ஓய்வுநாளை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை, யாரும் தள்ளிவைக்கவும் முடியாது. ஏழு வரை எண்ணத் தெரிந்த அடிமைக்கும் அது தெரியும். இணைச்சட்ட நூல் ஓய்வுநாளுக்குக் காரணமாகச் சொல்வது எகிப்தின் அடிமை வாழ்வை: நீ அங்கே அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள், உன் வேலையாளும் வேலைக்காரியும் உன்னைப்போல் ஓய்வெடுக்கட்டும், மாடும் கழுதையும்கூட இளைப்பாறட்டும் என்பதே அதன் கருத்து. பிறைநாளும் ஓய்வுநாளும் எப்போது முடியும், எப்போது கடை திறந்து கள்ளத் தராசில் தானியம் விற்கலாம் என்று காத்திருந்த வணிகர்களை ஆமோஸ் சாடுகிறார். ‘இன்று பிறை தெரியவில்லை, நாளை பார்க்கலாம், இன்று வேலை செய்’ என்று சொல்ல வழி இருந்தால் அந்த வணிகர்கள் விட்டிருப்பார்களா?

அந்தத் தாயிடம் மற்றொன்றும் சொல்ல வேண்டும். இந்த வாதங்களை எல்லாம் அடுக்கி மகனை மடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன கமாலியேலின் காலத்தில் நடந்தது இது. ஒருமுறை இரண்டு பேர் சொன்ன பிறைச் சாட்சியத்தை அவர் ஏற்றார். அடுத்த நாள் இரவு பிறையே காணவில்லை. யோசுவா என்ற பெரிய ரபி, அவர்கள் பொய்ச் சாட்சிகள் என்றவர்களோடு சேர்ந்தார். கணக்கு ஒரு நாள் மாறினால் ஆண்டின் மிகப் புனிதமான பாவக்கழுவாய் நாளே மாறிவிடும். கமாலியேல் ஆள் அனுப்பினார்: உம் கணக்குப்படி பாவக்கழுவாய் நாளாக வரும் நாளில், கைத்தடியும் பணப்பையுமாக என்னிடம் வாரும் என்று. அன்று கோலை எடுப்பதும் பணத்தைத் தொடுவதும் யோசுவாவுக்குப் பெரும் பாவம். அவர் துடித்துப்போனார். நண்பர்கள் எடுத்துச் சொன்னபின், கோலும் பணமுமாக நடந்து போனார். கமாலியேல் எழுந்து நின்று அவரைத் தலையில் முத்தமிட்டு, ஞானத்தில் நீர் என் ஆசிரியர், என் சொல்லை ஏற்றதில் என் மாணவர் என்று வரவேற்றாராம். யார் கணக்கு சரி என்பதை மிஷ்னா சொல்லாமலேயே விட்டுவிடுகிறது. மக்கள் இரண்டாகப் பிரிந்து இரண்டு நாளில் நோன்பிருப்பதையே அவர்கள் பேரிழப்பாகக் கண்டார்கள்.

நம் திருஅவையிலும் இப்படி நடந்தது. ஆசியத் திருஅவையினர் நீசான் 14ஆம் நாள் எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே பாஸ்கா கொண்டாடினார்கள், உரோமையில் ஞாயிறன்று. ஸ்மிர்னா ஆயர் புனித பொலிக்கார்ப்பு உரோமைக்கு வந்து திருத்தந்தை அனிசேத்துவோடு பேசிப் பார்த்தார். ஒருவரையொருவர் இணங்கவைக்க முடியவில்லை. ஆனாலும், திருப்பலி நிறைவேற்றும் பெருமையை அனிசேத்து அவருக்கே விட்டுக்கொடுத்தார்; அமைதியோடு பிரிந்தார்கள். சில பத்தாண்டுகள் கழித்துத் திருத்தந்தை விக்டர் ஆசியத் திருஅவையினரை விலக்கி வைக்க முனைந்தபோது, இதை நினைவூட்டித் தடுத்தவர் புனித இரேனியு. பிறைநாளையோ ஓய்வுநாளையோ காரணமாக்கி யாரும் உங்களுக்குத் தீர்ப்பிட இடம் கொடாதீர்கள் என்று கொலோசை மக்களுக்குப் புனித பவுல் எழுதியதும் இதே மனநிலையில்தான். மகன் வீட்டுக்கு வரும் நாளில் சாப்பாடு போடுங்கள், அம்மா. தாளையும் பென்சிலையும் பிறகு எடுக்கலாம். மகளிடமும் கொஞ்சம் பேசுங்கள். திருமணத்துக்கு அண்ணன் வராத வருத்தம் சட்டென்று ஆறாது.

நிலவை நாம் முழுவதும் விட்டுவிடவும் இல்லை. நீசேயா பொதுச்சங்கம் 325இல் கூடியபோது, எல்லாரும் ஒரே ஞாயிறன்று உயிர்ப்புப் பெருவிழா கொண்டாட வேண்டும் என்று முடிவாயிற்று. அதிலிருந்து நிலைபெற்ற விதி இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு. முழுநிலவே ஞாயிறன்று வந்தால் அதற்கு அடுத்த ஞாயிறு. 2025இல் அப்படித்தான் நடந்தது. ஏப்ரல் 13 குருத்து ஞாயிறன்று முழுநிலவு. ஏப்ரல் 20இல் உயிர்ப்பு விழா. நீசேயா சங்கத்தின் 1700ஆம் ஆண்டாகிய அந்த ஆண்டில், கீழைத் திருஅவைகளுக்கும் அதே நாள் அமைந்தது. கிழமை வாரத்திலிருந்தும் தேதி நிலவிலிருந்தும் வருகிறது. அதனால்தான் உயிர்ப்பு விழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதைப் பின்பற்றி சாம்பல் புதனும் பெந்தக்கோஸ்தும் நகர்கின்றன.

ஆண்டவர் இறந்தபோது மூன்று மணி நேரம் இருள் சூழ்ந்ததே, அது சூரிய கிரகணமா என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. இருக்க முடியாது. சூரிய கிரகணம் அமாவாசையன்று மட்டுமே வரும். பாஸ்காவோ முழுநிலவுக் காலம். முழு கிரகணம் ஓரிடத்தில் எட்டு நிமிடம்கூட நீடிக்காது. பெரிய வியாழன் இரவு நற்கருணை ஆராதனை முடிந்து கோவிலைவிட்டு வெளியே வரும்போது அண்ணாந்து பாருங்கள். மேகம் இல்லாவிட்டால் பெரிய நிலா இருக்கும். கெத்சமனித் தோட்டத்தின் ஒலிவ மரங்களுக்கு மேலேயும் அந்த இரவில் அது இருந்தது. அவ்வளவு வெளிச்சத்திலும் யூதாசோடு வந்தவர்கள் விளக்குகளும் பந்தங்களும் ஏந்தி வந்தார்கள் என்று யோவான் எழுதுகிறார்.